கயிறு வேண்டாம் என்றான் என் மாப்பிள்ளை

தோத்திரம் கடைசியில். முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்ட பிறகுதான் மாதா எனக்குச் செய்த உபகாரம் எவ்வளவு பெரியது என்று உங்களுக்குப் புரியும்.

என் பெயர் சூசை. கீழவைப்பாருக்குத் தெற்கே, கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவே எங்கள் ஊர். தொழில் சங்கு குளிப்பது. எனக்கு மூச்சும் நீளம், வாயும் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். மூச்சால் பிழைத்தேன். வாயால் என் தங்கச்சி குடும்பத்தைக் கவிழ்க்கப் பார்த்தேன். இந்தச் சாட்சியைச் சொல்லச் சொன்னதே தங்கச்சி புருஷன் மிக்கேல்தான். "ஒண்ணையும் மறைக்காத மச்சான். ஒன் கூத்தையும் சேத்துச் சொல்லு" என்று சிரித்துக்கொண்டே அனுப்பி வைத்தான். அவன் சிரிக்கிறான் என்பதே முதல் சாட்சி. நான்கு வருடத்துக்கு முன்னால் பார்த்திருந்தால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

மிக்கேலும் நானும் ஒரே வள்ளத்தில் குளித்தவர்கள். இருபது வயதில் அவன் பட்டாளத்தில் சேர்ந்தான். லீவில் வந்தபோது என் தங்கச்சி ரோசம்மாளைக் கட்டினான். எழுபத்தொன்றில் சண்டை வந்து வங்காளப் பக்கம் போனான். அடுத்த வருடம் தவக்காலத்தில், பதினைந்து வருடச் சேவையை முடித்துக்கொண்டு, பெட்டியோடு ஊருக்கே வந்துவிட்டான். கை கால் முழுசாக இருந்தது. நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்: "எங்க மாப்ள சண்டைக்குப் போயி ஒரு கீறல் இல்லாம வந்துட்டான்." கீறல் எங்கே இருக்கிறது என்று பார்க்க எனக்குக் கண் இல்லை.

முதல் மாதம் களைப்பு என்றோம். இரண்டாம் மாதம் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றோம். தட்டில் சோறு வைத்தால் பாதியில் எழுந்துவிடுவான். பூசையில் மணி அடித்தால் உடம்பு தூக்கிப் போடும். பின்னாலிருந்து யாராவது தோளைத் தொட்டால் கையை ஓங்கிவிடுவான். பிறகு அரை நாள் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருப்பான். அவனுடைய ஆறு வயது மகள் பிலோமி அப்பாவைக் கூப்பிடுவதற்கு முன் எதிரே போய் நின்றுகொள்ளப் பழகிவிட்டாள். ரோசம்மா ஒருநாள் என்னிடம் வந்து, "அண்ணே, இவிய தூங்கவே மாட்டேங்காவ. கண்ண மூடிக்கிட்டு முழிச்சிருக்காவ" என்றாள்.

ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னார்கள். கோழி அடித்துச் சாறு வைக்கச் சொன்னார்கள். காற்று கருப்பு என்றார்கள். நான் சும்மா இருப்பேனா? என் வைத்தியம் டீக்கடை. அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நடு பெஞ்சில் உட்கார வைத்து, "ஏலே, எல்லாரும் வாங்க, மாப்ள சண்டைக் கதை சொல்லப் போறான்" என்று கூட்டம் சேர்த்தேன். அவன் கையில் இருந்த டீ கிளாஸ் ஆட ஆரம்பித்தது. டீ வேட்டியில் சிந்தியது. "மறந்து போச்சு அண்ணாச்சி" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு எழுந்து போனான். அவனுக்குக் கூச்சம் என்று நான் விளக்கம் வேறு சொன்னேன்.

எதுவும் பலிக்காமல் போகவே மாதாவிடம் போனேன். போனது நல்லதுதான். போன விதம்தான் கேவலம். சந்தையில் மாடு பிடிக்கிறவன் மாதிரி பேரம் பேசினேன். "தாயே, என் மாப்ள ஒரு தட்டுச் சோற்றை முழுசாகத் தின்றால் போதும். உன் திருநாளுக்கு இருபத்தொரு வேட்டுப் போடுகிறேன்."

எங்கள் கரையில் வேட்டு என்றால் ஊசிப் பட்டாசு இல்லை. இரும்புக் குழாயில் கருமருந்தைக் கெட்டித்துப் போடுகிற அதிர்வேட்டு. ஒன்று வெடித்தால் உப்பளத்துக் கொக்கெல்லாம் எழுந்து வைப்பார் ஆற்றுக்குப் பறக்கும். வேண்டுதல் நிறைவேறினால் எங்களுக்கு மெழுகுதிரி போதாது. நாலு ஊருக்குக் கேட்டால்தான் மாதாவுக்கும் கேட்டது என்று ஒரு நினைப்பு. சண்டையிலிருந்து வந்தவன் குணமாவதற்கு வெடி நேர்ந்துகொள்ள எங்கள் கரைக்காரனைத் தவிர வேறு யாருக்கு அறிவு வரும்?

தை மாதம் எங்கள் ஊர்த் திருநாள். கொடியேறிய அன்று மிக்கேல் தட்டுச் சோறு முழுவதையும் சாப்பிட்டான். ரோசம்மா காலித் தட்டைக் கொண்டுவந்து என் கண் முன்னால் கவிழ்த்துக் காட்டினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வேட்டுக்காரரைத் தேடி ஓடினேன். தங்கச்சியிடம்கூடச் சொல்லவில்லை. திடீரென்று வெடித்தால் எல்லாரும் சந்தோசப்படுவார்கள் என்று இருந்தேன்.

திருநாள் அன்று சாயங்காலம் நாலு மணி இருக்கும். சப்பரம் கோவிலுக்குத் திரும்பியது. மிக்கேல் கோவில் முற்றத்தில், பொரிகடலை விற்கிற அம்மாள் பக்கத்தில் பிலோமிக்குப் பொரி வாங்கிக்கொண்டு நின்றான். முதல் வேட்டு வெடித்தது. அடுத்த நொடி அந்த அம்மாளையும் பிலோமியையும் கூடையோடு சேர்த்து மணலில் சாய்த்து, மேலே கவிழ்ந்து படுத்து, இரண்டு கையாலும் அவர்கள் தலையை மூடிக்கொண்டான்.

இருபது வேட்டு பாக்கி. திரி வரிசையாகப் பற்றிவிட்டது. நிறுத்த வழியில்லை. ஒவ்வொன்று வெடிக்கும்போதும் அவன் முதுகு தூக்கிப் போட்டது. ஆனால் கையை எடுக்கவில்லை. எனக்கு அந்த இருபதும் இன்றைக்கும் எண்ணத் தெரியும்.

புகை அடங்கியதும் நாலைந்து பேர் சிரித்தார்கள். பொரிகடலை அம்மாள் எழுந்து சேலையை உதறினாள். "சிரிக்காதியல! இந்தப் புள்ள தனக்குப் பயந்து விழல. என்னைக் காப்பாத்த விழுந்திருக்கு" என்றாள். எல்லாரும் வாயை மூடினார்கள். மிக்கேல் மணலில் உட்கார்ந்து சிதறிய பொரியைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தான். என்னை நிமிர்ந்து பார்த்து, "நீயா மச்சான் போட்டே?" என்று கேட்டான். அவ்வளவுதான் கேட்டான். அதற்குப் பிறகு வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

ரோசம்மா என்னை விடவில்லை. "மாதா ஒரு தட்டுச் சோறு குடுத்தா. ரெண்டாவது தட்டு வரைக்கும் ஒனக்குப் பொறுக்க முடியலையா அண்ணே?" என்றாள். அவள் அழுதிருந்தால் தாங்கியிருப்பேன்.

திருநாள் முடிந்து மூன்றாம் வாரம். கடல் தெளிந்து சங்குக் குளி நன்றாக நடந்துகொண்டிருந்தது. இதற்குமேல் சொல்வதற்கு முன் எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். குளிக்கிறவன் கல்லில் காலை வைத்துக் கீழே இறங்கும்போது அவன் இடுப்புக் கயிற்றை மேலே ஒருத்தன் பிடித்திருப்பான். கயிறு பிடிக்கிறவன் குளிக்கிறவனுக்கு மச்சானாக இருக்க வேண்டும். கூடப் பிறந்தவன் ஒருவேளை கண் அயர்ந்துவிடுவான். மச்சான் அயர மாட்டான், ஏனென்றால் கீழே போயிருப்பது அவன் தங்கச்சி தாலி. மற்ற ஊர்களில் கண்ணாடி மாட்டிக்கொண்டு கயிறில்லாமல் குதிக்கப் பழகிவிட்டார்கள். எங்கள் ஊரில் கயிற்றை விடவில்லை.

அன்று மத்தியானம் நான் கரையில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தேன். மிக்கேல் வந்தான். முகம் சவரம் செய்து, வெள்ளை வேட்டி கட்டி, அமைதியாக இருந்தான்.

"நாளைக்கு நானும் குளிக்க வாரேன் மச்சான்."

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "வா மாப்ள! கயிறு நான் பிடிக்கேன்" என்றேன்.

"கயிறு வேண்டாம்" என்றான். தோளில் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனான்.

நான் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். எங்கள் ஊரில் எவனும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. வேட்டுக்குப் புத்தி இல்லாத எனக்கு இது மட்டும் சட்டென்று உறைத்தது. கொஞ்ச நேரத்தில் ரோசம்மா ஓடி வந்தாள். கையில் அவன் வாட்ச். "இத ஒன்கிட்ட குடுக்கச் சொன்னாவ. பெட்டியத் தொறந்து எந்தப் பேப்பர் எதுக்குன்னு எனக்குப் பாடம் எடுத்தாவ. ரொம்ப அமைதியாப் பேசுதாவ அண்ணே. எனக்குப் பயமா இருக்கு."

முழங்காலில் விழுந்தேன். இந்தத் தடவை நேர்ந்துகொள்ள ஒன்றுமில்லை. பேரமும் வரவில்லை. "தாயே, இவ்வளவு நாள் வாயை மட்டும் கொடுத்தாய். இன்றைக்கு வார்த்தையைக் கொடு" என்று கேட்டேன். எண்ணி ஒன்பது சொல்தான். என் வாழ்நாளில் நான் செய்த மிகச் சின்னச் செபம் அதுதான்.

மிக்கேல் சிலுவை நட்ட குருசடிப் படியில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். ரோசம்மாளைக் கொஞ்ச தூரத்தில் நிறுத்திவிட்டு அவன் எதிரே போய் உட்கார்ந்தேன். பிலோமி மாதிரி, எதிரே. இந்த விஷயத்தை வாய்விட்டுக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கொடுத்துவிடுவோம் என்று அதுவரை பயந்திருந்தேன். ஆனால் எண்ணம் அவனுக்குள் எப்போதோ வந்துவிட்டது. கேட்க ஆளில்லாததுதான் குறை. எப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது. மாதா கேட்க வைத்தாள் என்றுதான் நம்புகிறேன்.

"மாப்ள, நாளைக்குக் கீழ போயி மேல வரக்கூடாதுன்னு நெனைக்கியா?"

கடலிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தான். பிறகு, "ஆமா மச்சான்" என்றான். சொன்னதும் அவன் தோள் தளர்ந்தது. அழுதான். நானும் அழுதேன். பிறகு அவன் பேசினான், நான் பேசவில்லை. சூசை இரண்டு மணி நேரம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தான் என்றால் அது மாதா செய்த புதுமையா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.

அவன் சொன்னதில் ஒன்றைச் சொல்ல மட்டும் எனக்கு அனுமதி உண்டு. வங்காளத்தில் ஒரு ஆற்றைக் கடக்கும்போது கூட வந்தவன் ஒருவனுக்கு நீச்சல் தெரியாது. மிக்கேல் கடற்கரைக்காரன், அதனால் அவன் கையை இவன் பிடித்திருந்தான். ஆற்று இழுப்பில் கை நழுவி அவன் போய்விட்டான். "முத்துக் குளிக்கிற கரையில பொறந்தவன், ஒருத்தன் கையப் பிடிக்கத் துப்பில்ல. எனக்கு எவன் கயிறு பிடிக்கணும் மச்சான்?" என்றான்.

அன்றிலிருந்து அவனைத் தனியாக விடவில்லை. நான் ஒரு பக்கம், ரோசம்மா ஒரு பக்கம். மறுநாள் அவனையும் வள்ளத்தில் ஏற்றினேன், குளிக்க இல்லை. கடலுக்குள் போனதும் என் இடுப்பில் கயிற்றைக் கட்டி மறுமுனையை அவன் கையில் கொடுத்தேன்.

"இன்னைக்கு நீ பிடி."

"என்னைய நம்புதியா?"

"என் பொண்டாட்டி கேட்டா என்னைக் கொன்னுருவா. சும்மா பிடில."

எட்டு பாகம் ஆழம், ஐம்பது அடி இருக்கும். அடியில் போய் ஒரு சங்கின் மேல் கையை வைக்கப் போனேன். வெடுக்கென்று இழுத்துவிட்டான். மேலே வந்து, "ஏம்ல அதுக்குள்ள இழுத்தே? இன்னும் தொடக்கூட இல்ல" என்று கத்தினேன். "ஒனக்கு மூச்சு முட்டுமோன்னு தோணிச்சு" என்றான். அடுத்த தடவையும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. கூடப் போனவர்கள் கூடை நிறைய அள்ளினார்கள். எங்களுக்கு அன்று மொத்தம் ஏழு சங்கு. "இப்படிக் கயிறு பிடிச்சா ஒன் மாப்ள ஒன்னையப் பட்டினி போட்டே காப்பாத்துவான்" என்று வள்ளமே சிரித்தது. மிக்கேலும் உதட்டோரம் சிரித்தான். திரும்பி வரும்போது அவன் உள்ளங்கை சிவந்திருந்தது. "நீ கீழ இருக்கும்போது எனக்கு வேற நெனைப்பே வரல மச்சான்" என்றான்.

இத்தோடு முடிந்தது, மாதா குணமாக்கிவிட்டாள் என்று நான் மறுபடியும் அவசரப்பட்டேன். நல்லவேளை, வேட்டு நேரவில்லை. பத்து நாளில் மறுபடி தூக்கம் போனது, சோறு போனது. அப்போது ரோசம்மா சொன்னாள்: "நீ கயிறு பிடிக்கே, சரி. கால்ல கட்டுன கல்லு அப்படியே இருக்கே அண்ணே. அத அவுக்கத் தெரிஞ்சவன் வேணும்."

பங்குச் சாமியாரிடம் போனோம். வைத்தியத்துக்குப் போவது விசுவாசக் குறைவு ஆகிவிடுமோ என்று கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "இது இல்லாம எனக்குப் பூசைப் புத்தகம் தெரியாது. அதனால எனக்கு விசுவாசம் இல்லைன்னு சொல்லுவியா சூசை?" என்றார். பிறகு மிக்கேலின் தலையில் கைவைத்துச் செபித்தார். "நல்ல டாக்டரத் தேடுங்க" என்று அனுப்பினார்.

எந்த டாக்டர்? எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கீழ்ப்பாக்கம் என்ற ஒரு சொல்தான். ஊரில் அதைத் திட்டுவதற்குத்தான் வைத்திருந்தோம். சங்கிலி போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு நடுங்கினோம். ரோசம்மா செபமாலையை எடுத்துக்கொண்டாள். பென்சன் விஷயமாகத் தூத்துக்குடியில் பட்டாளத்துக்காரர்கள் கூடுகிற ஒரு நாள் உண்டு. அன்று நாங்கள் போனபோது அலுவலக வராந்தாவில் நீள வரிசை நின்றது. என் தங்கச்சி அந்த வரிசை முன்னால் போய் நின்றுகொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகக் கேட்டாள்:

"அண்ணாச்சிமாரே! சண்டையிலருந்து வந்த பொறவு தூக்கம் இல்லாமக் கெடந்து, வைத்தியம் பாத்துச் சரியான ஆளு இங்கன யாராவது உண்டா?"

எனக்கு மானம் போயிற்று. தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். வரிசையில் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். ஒருத்தர் இருமினார். ரோசம்மா நகரவில்லை. செபமாலை அவள் கையில் உருண்டுகொண்டிருந்தது. வரிசையின் கடைசியில் இருந்து ஒரு கை மெதுவாக எழுந்தது. "நான் இருக்கேன் தாயி" என்றார் ஒருவர். அவர் கையை உயர்த்தியதும் இன்னும் நாலு கை எழுந்தது. அந்த நாலு பேரும் சரியானவர்கள் இல்லை. "எங்களுக்கும் அப்படித்தான் இருக்கு, எங்களுக்கும் சொல்லுங்க" என்று கை தூக்கியவர்கள். அத்தனை வருடம் ஒரே வரிசையில் நின்றும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாதவர்கள்.

முதலில் கை தூக்கியவர் பெயர் சுடலைமுத்து. ஆதிச்சநல்லூர்ப் பக்கம் தாமிரபரணிக் கரையில் நெல் விவசாயம். பட்டாளத்தில் டிரைவராக இருந்தவர். "எனக்கும் இதே கததான். வயல்ல தண்ணி பாயுத சத்தத்துக்கு ஓடி ஒளிஞ்சிருக்கேன். பாளையங்கோட்டையில ஒரு அம்மா டாக்டர் இருக்காவ. சங்கிலியும் கெடையாது ஒண்ணும் கெடையாது. பேசுவாவ, மாத்திரை தருவாவ. நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார். சொன்னபடி அடுத்த சனிக்கிழமை பஸ் ஏற்றிக்கொண்டு போனார்.

டாக்டரம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். மிக்கேலிடம் தனியாக ஒரு மணி நேரம் பேசினார். பிறகு எங்களைக் கூப்பிட்டார். "இது பேயும் இல்ல, கோழைத்தனமும் இல்ல. காயம். ஆறுற காயம். மாத்திரை ரெண்டு வாரம் கழிச்சுத்தான் வேலை செய்ய ஆரம்பிக்கும். நடுவுல நிறுத்தக் கூடாது. இவரைத் தனியா விடாதீங்க. சாகணும்னு தோணுச்சுன்னா இவர் யார்கிட்டச் சொல்லணும், யார் உடனே வரணும், இப்பவே பேர் எழுதுங்க" என்றார். நாங்கள் கயிறு விஷயத்தைச் சொன்னோம். பேனாவை வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். "நான் இத்தனை வருஷமா விளக்கிச் சொல்லப் பாடுபடுறதை நீங்க கடல்ல வழக்கமாவே வச்சிருக்கீங்க" என்றார். பிறகு சீட்டைப் புரட்டிப் பார்த்து, "அந்த இருபத்தொரு வெடி போட்டது யாரு?" என்று கேட்டார். நான் கையை உயர்த்தினேன். "உங்களுக்கும் ஒரு மாத்திரை எழுதலாமான்னு பாக்கிறேன்" என்றார். மிக்கேல் வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டு ரோசம்மா அழுதுவிட்டாள்.

குணம் ஒரே நாளில் வரவில்லை. ஏறும், இறங்கும். ஐந்தாம் வாரம் அவன் ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கினான். ரோசம்மா பயந்துபோய் மூக்கில் கைவைத்துப் பார்த்தாளாம். மாத்திரையால் சோம்பலாக இருக்கிறது என்று ஒருமுறை நிறுத்தப் போனான். சுடலைமுத்து அண்ணாச்சி வயலை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டார். "மச்சான் முறை எனக்கும் உண்டுவே" என்றார். எங்களுக்கும் அவருக்கும் சாதியும் வேறு, சாமியும் வேறு. ஆனாலும் அன்றிலிருந்து முறை வைத்தே கூப்பிடுகிறோம்.

கை தூக்கிய மற்ற நாலு பேரும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட அறையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூட ஆரம்பித்தார்கள். ஆளுக்கொரு மச்சானைப் பெயர் சொல்லி எழுதி வைத்தோம். யாருக்காவது நெஞ்சில் கல் விழுந்தால் அவரைத் தேடி ஆள் போகும். ஆனால் பாளையங்கோட்டைக்கு அலைய முடியாமல் இரண்டு பேர் வைத்தியத்தைப் பாதியில் விட்டார்கள். அதனால் டாக்டரம்மா மாதம் ஒருமுறை தூத்துக்குடிக்கு வர ஏற்பாடு செய்யும்படி மனுக் கொடுத்தோம்.

மனு வாங்கிய அதிகாரி நல்ல மனிதர். ஆனால் அவருக்கு விண்ணப்பப் பாரத்தில் இருக்கிற கட்டம்தான் வேதம். எல்லாரும் பாரம் நிரப்ப வேண்டும் என்றார். அதில் ஒரு கட்டம், காயம் பட்ட இடம். மிக்கேல் அந்தக் கட்டத்தில் "தூக்கம்" என்று எழுதினான். சுடலைமுத்து எட்டிப் பார்த்துத் தன் பாரத்தில், "எனக்கும் அதே இடம்" என்று எழுதினார். அதிகாரி படித்துவிட்டு, "இதுக்குக் கட்டம் இல்லையேப்பா" என்றார். ரோசம்மா சொன்னாள், "ஸ்கேல் இருக்குல்லா ஐயா, ஒண்ணு போடுங்க." அவர் மேசை டிராயரைத் திறந்து ஸ்கேலை எடுத்து, ஒவ்வொரு பாரத்திலும் பேனாவால் ஒரு கட்டம் போட்டார். அந்தப் பாரங்கள் எங்கெங்கோ சுற்றின. ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. நடுவில் நாங்கள் செபத்தையும் விடவில்லை, மனுவையும் விடவில்லை. இப்போது மாதத்தின் முதல் சனிக்கிழமை டாக்டரம்மா வருகிறார். வராந்தாவில் வரிசை நிற்கிறது. யாரும் தரையைப் பார்ப்பதில்லை. ஒரே இரைச்சல், அவரே வெளியே வந்து அதட்ட வேண்டியிருக்கிறது.

அன்பானவர்களே, இதைக் கேட்கிற உங்களுக்கும் வீடு இருக்கிறது, அந்த வீட்டில் பேசாமல் போன ஒருத்தன் இருக்கலாம். பட்டாளத்துக்காரனாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அவன் சாமான்களைப் பிரித்துக் கொடுத்தால், திடீரென்று அமைதியானால், எதிரே போய் உட்காருங்கள். வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது. பதில் வந்தால் அவனைத் தனியாக விடாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். செபம் செய்யுங்கள், ஆனால் பேரம் பேசாதீர்கள். நான் ஒரு தட்டுச் சோற்றுக்கு வேட்டுப் பேசினேன். தாய் எனக்குக் கொடுத்தது தங்கச்சியின் தைரியம், ஒரு விவசாயியின் கை, ஒரு டாக்டரம்மா, ஒரு ஸ்கேல். இதில் எதையும் நான் கேட்கவில்லை, கேட்கத் தெரிந்திருக்கவும் இல்லை. அந்தத் தாயை நீங்களும் நம்பலாம்.

எங்கள் ஊரில் வேட்டு நிற்கவில்லை. நிறுத்தச் சொல்லி நான்தான் திருநாள் கமிட்டியில் எழுந்தேன். மிக்கேல்தான் வேண்டாம் என்றான். "போடுங்க. எப்பம்னு மட்டும் சொல்லிட்டுப் போடுங்க" என்றான். இப்போது கோவில் உபதேசியார் மைக்கில் ஒரு மணி நேரம் முன்னதாகச் சொல்லிவிடுவார். உடனே பட்டாளத்துக்காரர்களும் நானும் எங்கள் வள்ளத்தில் ஏறிக் கடலுக்குள் போய்விடுவோம். அங்கிருந்து கேட்டால் பக்கத்து வீட்டில் மாவு இடிக்கிற மாதிரிதான் இருக்கும். சுடலைமுத்து அண்ணாச்சி மட்டும் வயல்காட்டு மனிதர். அலையில் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்துக்கொண்டே, "இதுக்கு வேட்டே தேவலவே" என்று புலம்புவார்.

இந்த வருடத் திருநாளன்றும் அப்படித்தான் போனோம். தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. மிக்கேல் சட்டையைக் கழற்றினான். பட்டாளத்திலிருந்து வந்த பிறகு அவன் சங்கு குளித்ததே இல்லை. கயிறு பிடிப்பதோடு சரி. இடுப்பில் கயிற்றைத் தானே கட்டினான். முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான். மறுமுனையை என் கையில் வைத்தான்.

"நல்லாப் பிடிச்சுக்கிடு மச்சான்."

கல்லில் காலை வைத்து இறங்கினான். கயிறு என் கையில் ஓடியது, நின்றது. கரையில் வேட்டு ஆரம்பித்தது. நான் அவன் மூச்சுக்கு ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். இதற்கு முன் எத்தனையோ தடவை கயிறு பிடித்தவன், அன்று எண்ணிக்கையைத் தவறவிட்டேன். அவன் இன்னும் இழுக்கச் சொல்லிக் கயிற்றை ஆட்டவில்லை. என்னால் பொறுக்க முடியவில்லை. முழுப் பலத்தோடு இழுத்தேன்.

மூக்கில் தண்ணீர் வழிய மேலே வந்தான். கையில் ஒன்றுமில்லை. கண் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. வள்ளத்து விளிம்பைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்தினான்:

"ஏம்ல அதுக்குள்ள இழுத்தே? நான் இன்னும் கொஞ்ச நேரம் இருப்பேன்லா!"

"இரு மாப்ள, இரு" என்றேன். தோத்திரம் கடைசியில் என்றேன் அல்லவா, அதுதான் என் தோத்திரம்.